உங்கள் கையில் இருக்கும் 25 மதிப்பெண்

வாசகர் கேள்வி – பதில்

பி.காம்., பி.பி.ஏ., எம்.பி.ஏ. வகுப்புகளில் வேலைத்திறனை எப்படி வளர்ப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் எட்டை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்களும் தணிக்கைத் துறையில் இருக்கிறவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

எங்களுடையது பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரி. பாடத்திட்டமும் வினாத்தாளும் அவர்களுடையவை. செமஸ்டர் தேர்வுக்கு 75, அக மதிப்பீட்டுக்கு 25. வகுப்பில் 62 பேர். இந்த அமைப்புக்குள் இருந்துகொண்டு திறன் வளர்க்க என்னதான் செய்ய முடியும்?
– உதவிப் பேராசிரியர், விருதுநகர்

அந்த 25 உங்கள் கையில் இருக்கிறது. அதில் அசைன்மென்டுக்கு என்று 5 முதல் 10 மதிப்பெண் பெரும்பாலான பல்கலைக்கழக விதிகளிலேயே ஒதுக்கியிருக்கும். தலைப்பை மாற்ற வேண்டாம், விதியைத் தொட வேண்டாம். அந்தத் தலைப்புக்குள் மாணவர் செய்கிற வேலையை மட்டும் மாற்றுங்கள். இப்போது நடப்பது என்ன? புத்தகத்தில் இருப்பதை எட்டுப் பக்கம் பார்த்து எழுதித் தருகிறார்கள். கை வலிக்கிறதே தவிர அதில் எந்தத் திறனும் வளர்வதில்லை.

அடக்கவிலைக் கணக்கியலில் சரக்குக் கட்டுப்பாட்டுப் பாடத்தை எடுத்துக்கொள்வோம். இருப்பு எவ்வளவுக்கு இறங்கியதும் மறுபடி ஆர்டர் போட வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் இருக்கிறது: ஒரு நாளின் அதிகபட்ச விற்பனை, பெருக்கல், சரக்கு வந்து சேர ஆகும் அதிகபட்ச நாள். புத்தகக் கணக்கில் அந்த இரண்டு எண்களும் தயாராகக் கொடுக்கப்பட்டிருக்கும். மாணவர் பெருக்கினால் போதும். அந்த எண்களைக் கொடுக்காதீர்கள். அதற்குப் பதில் ஒரு மொத்த வியாபாரக் கடையின் 30 நாள் எண்ணெய்ப் பெட்டி விற்பனைப் பட்டியல், கடைசி ஆறு ஆர்டர்கள் போட்ட தேதியும் வந்த தேதியும், கூடவே ‘குடோனில் 120 பெட்டிக்கு மேல் இடமில்லை’ என்ற ஒரு வரி, இவற்றைக் கொடுங்கள்.

பட்டியலில் ஒரே ஒரு நாள் விற்பனை 22 பெட்டி. மற்ற நாள்களில் 15-ஐத் தாண்டவில்லை. சரக்கு வர அதிகபட்சம் 7 நாள். கண்ணை மூடிக்கொண்டு பெருக்குகிறவர் 154 என்று எழுதுவார். அவ்வளவு பெட்டி வைக்க இடமே கிடையாது. தேதியைப் பார்க்கிறவர், அந்த 22 தீபாவளிக்கு முந்தின நாள் விற்றது என்று கண்டுபிடிப்பார். அதை ஒதுக்கிவிட்டு 15-ஐ 7-ஆல் பெருக்கினால் 105, குடோனில் அடங்கும். பண்டிகை வாரத்துக்கு மட்டும் தனியாக என்ன செய்யலாம் என்றும் அவர் யோசிப்பார். கடை முதலாளி சம்பளம் கொடுத்து வாங்க நினைப்பது இந்தப் பார்வையைத்தான்.

விடையைக் கணக்காக வாங்காதீர்கள். கடை முதலாளிக்கு எழுதும் 150 சொல் குறிப்பாக வாங்குங்கள். முதல் வரியிலேயே முடிவு வர வேண்டும். பிறகு அதைத் தாங்கும் இரண்டு எண்கள், ஒரு ஆபத்து, திங்கள்கிழமை காலையில் யார் என்ன செய்ய வேண்டும் என்பது.

இதை நான்கு வாரத்தில் நடத்தலாம். முதல் வாரம் தாள்களைக் கொடுங்கள். இரண்டாம் வாரம் முதல் வரைவோடு வகுப்புக்கு வந்து, பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிக்கொண்டு 15 நிமிடம் படிக்கட்டும். மூன்றாம் வாரம் உங்கள் திருத்தம். நான்காம் வாரம் திருத்திய குறிப்பும், ‘எதை மாற்றினேன், ஏன் மாற்றினேன்’ என்ற ஐந்து வரியும். மொத்தம் 10 மதிப்பெண் என்றால் கடைசிக் குறிப்புக்கு 6, அந்த ஐந்து வரிக்கு 4. முதல் வரைவுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் அது இல்லாமல் கடைசிக் குறிப்பை வாங்கக்கூடாது. ஒருமுறை செய்து, எங்கே பிசகியது என்று தெரிந்துகொண்டு, அதையே மறுபடி செய்யும்போதுதான் திறன் படிகிறது. பத்து அசைன்மென்ட்டை ஒருமுறை செய்வதைவிட ஒன்றை இரண்டுமுறை செய்வது மேல்.

62 தாளை எப்போது திருத்துவது என்று கேட்பீர்கள். தாளுக்கு நான்கு நிமிடம் வைத்தால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அதையும் குறைக்கலாம். முதலில் 15 தாளைப் படித்து, அடிக்கடி வரும் ஐந்து தவறுகளுக்கு 1 முதல் 5 வரை எண் கொடுங்கள். மீதித் தாள்களில் அந்த எண்ணை மட்டும் ஓரத்தில் குறியுங்கள். வகுப்பில் 20 நிமிடம் அந்த ஐந்தையும் விளக்குங்கள். மதிப்பெண்ணுக்கு நான்கு அளவுகோல் போதும்: முடிவு தெளிவாக இருக்கிறதா, கணக்கு சரியா, கொடுத்த தரவைச் சந்தேகித்துப் பார்த்தாரா, படிக்கிற முதலாளிக்குப் புரியுமா. இந்த அளவுகோலை முதல் வாரமே மாணவர் கையில் கொடுத்துவிடுங்கள். துறைக் கூட்டத்தில் வைத்து நிறைவேற்றி, கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணில் தகராறு வந்தால் அதுதான் உங்களுக்குத் துணை.

வேலைக்கு வரும் பி.காம். பட்டதாரிகள் உள்ளீட்டு வரி வரவுக்கு (வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டி-யைக் கழித்துக்கொள்வதற்கு) விளக்கம் சொல்கிறார்கள். டேலி கணக்கு மென்பொருள் சான்றிதழும் வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு மாதக் கொள்முதல் ஏட்டை ஜிஎஸ்டிஆர்-2பி-யோடு (விற்றவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டி தளப் பட்டியலோடு) ஒத்துப்பார்க்கச் சொன்னால் திணறுகிறார்கள். கல்லூரியில் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாதா?
– தணிக்கை அலுவலகம் நடத்துபவர், ஈரோடு

முடியும். நான்கு வகுப்பு நேரமும் ஒரு கணினி அறையும் இருந்தால் போதும். உங்களைப் போன்றவர்கள் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: ஒரு வாடிக்கையாளரின் கொள்முதல் ஏட்டில் பெயர், வரிப் பதிவெண், தொகை எல்லாவற்றையும் மாற்றி, அடையாளம் தெரியாதபடி கல்லூரிக்குக் கொடுப்பது. வாடிக்கையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

ஆசிரியர்கள் கவனத்துக்கு: பயிற்சிக்கான கொள்முதல் ஏட்டில் 80 பதிவு இருக்கட்டும். 2பி-யில் 76 பதிவு. திட்டமிட்டுத் தவறுகளை விதையுங்கள். ஏட்டில் ‘45’ என்று இருக்கும் பில் எண் 2பி-யில் நிறுவனக் குறியீடும் ஆண்டும் சேர்ந்து நீளமாக இருக்கட்டும். ஒரு பதிவெண்ணில் சுழியத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’. ஒரே பில் இரண்டு முறை பதிவு. பெங்களூரு விற்பனையாளரின் பதிவெண் 29-இல் தொடங்கும். ஆனால் ஏட்டில் மத்திய வரி, மாநில வரி என்று பிரித்துப் போட்டிருக்கட்டும். வெளிமாநிலக் கொள்முதலில் அந்த இரண்டு வரியும் வராது, ஒருங்கிணைந்த வரிதான் வர வேண்டும். பதிவெண்ணின் 15 இடங்களில் முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33, அடுத்த பத்து பான் எண் என்று தெரிந்த மாணவர் இதை ஒரு பார்வையில் பிடித்துவிடுவார். இரண்டு விற்பனையாளர்கள் தங்கள் விற்பனை விவரப் படிவமான ஜிஎஸ்டிஆர்-1-ஐத் தாக்கலே செய்யவில்லை என்று வையுங்கள். 2022 ஜனவரி 1 முதல், விற்பவர் பில்லைத் தாக்கல் செய்து அது வாங்குபவர் கணக்கில் தெரிந்தால்தான் வரவு எடுக்க முடியும் என்பது இங்கேதான் உறைக்கும்.

இன்னொன்றைக் கட்டாயம் சேருங்கள்: முதலாளியின் சொந்த உபயோகத்துக்கு வாங்கிய கார் பில். அது ஏட்டிலும் இருக்கும், 2பி-யிலும் இருக்கும், தொகையும் ஒத்துப்போகும். ஒத்துப்போவதால் மட்டும் வரவு கிடைக்காது. ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. வரிசைகளை மட்டும் பொருத்திக்கொண்டு போகிறவர் இதில் விழுவார்.

முதல் மணி நேரம் கணினியைத் தொட வேண்டாம். பத்துப் பில்லைக் காகிதத்தில் கண்ணால் ஒத்துப்பார்க்கட்டும். இரண்டாவது மணி நேரம் எக்செல். மாணவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள் எப்போதும் இவைதான். எண் போலத் தெரிவது எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கும். கூட்டுத்தொகைச் சூத்திரம் அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பதிவெண்ணின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி இருக்கும். ‘ட்ரிம்’ போட்டுத்தான் நீக்க வேண்டும். ஒரு பட்டியலில் தேடி எடுத்துத் தரும் ‘விலுக்அப்’ சூத்திரத்தில் கடைசிப் பகுதியை எழுதாமல் விட்டால் துல்லியமான பொருத்தத்துக்குப் பதில் கிட்டத்தட்டப் பொருந்துவதைக் கொண்டுவந்து காட்டும். தேதி இன்னும் மோசம். கணினி மாதத்தை முன்னால் வைக்கும் அமெரிக்க அமைப்பில் இருந்தால் ஏப்ரல் 5, மே 4 ஆகிவிடும். 12-ஆம் தேதிக்குப் பிந்தையவை மாறாமல் வெறும் எழுத்தாக நின்றுவிடும். பாதி தேதிகள் சரியாகத் தெரிவதால் யாருக்கும் சந்தேகமே வராது.

மூன்றாவது மணி நேரத்தில் வித்தியாசங்களைக் காரணவாரியாகப் பிரிக்கட்டும். ஒரு ரூபாய் முழுமையாக்கல் வித்தியாசத்தைத் துரத்திக்கொண்டு போக வேண்டாம் என்று முடிவெடுப்பதும் அதில் அடக்கம். நான்காவதில், தாக்கல் செய்யாத விற்பனையாளருக்கு மரியாதை குறையாமல், பில் எண், தேதி, தொகையோடு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும். 2பி மாதாமாதம் 14-ஆம் தேதி வரும், மாதத் தாக்கல் செய்பவர்களுக்கு வரிக் கணக்குப் படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி-யின் கடைசி நாள் 20. நடுவில் இருக்கும் ஆறு நாளுக்குள் அந்த மின்னஞ்சல் பலன் தர வேண்டும் என்று சொல்லி எழுத வையுங்கள். நடையே மாறிவிடும்.

குழு வேலை என்றால் எட்டுப் பேர் பெயர் இருக்கும், ஒருவர்தான் செய்வார். அந்த ஒருவர் பெரும்பாலும் நான். இதற்கு வழி உண்டா?
– பி.பி.ஏ. இரண்டாம் ஆண்டு மாணவி, மதுரை

உண்டு. ஆனால் அதைச் செய்ய வேண்டியவர் உங்கள் ஆசிரியர். இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

எட்டுப் பேர் என்பதே முதல் தவறு. நான்கு பேருக்கு மேல் வேண்டாம். குழுவை நண்பர்கள் சேர்ந்து பிரித்துக்கொள்ளக்கூடாது. ஆசிரியர் பிரிக்க வேண்டும். நான்கு மாணவர் இருக்கும் குழுவில் ஒரே ஒரு பெண்ணையோ, தமிழ்வழியில் வந்த ஒரே ஒருவரையோ தனியாகப் போடாமல் இரண்டிரண்டாகச் சேர்ப்பது நல்லது. தனியாக இருப்பவர் வாய் திறப்பதில்லை. அல்லது எழுத்து வேலை முழுவதும் அவர் தலையில் விழுகிறது.

மதிப்பெண்ணை இப்படிக் கணக்கிடலாம். குழுவுக்கு 20-க்கு 16 என்று வையுங்கள். ஒவ்வொருவரும் மற்ற மூவருக்கும் மொத்தம் 30 புள்ளியைப் பகிர்ந்து, ஆளுக்கு ஒரு வரி காரணத்தோடு மூடிய தாளில் தர வேண்டும். எல்லோரும் சமமாக உழைத்திருந்தால் ஒவ்வொருவருக்கும் 30 வந்து சேரும். ஒருவருக்கு 36, அடுத்தவருக்கு 33, மூன்றாமவருக்கு 30, நான்காமவருக்கு 21 வந்தால் விகிதம் முறையே 1.2, 1.1, 1, 0.7. குழு மதிப்பெண்ணில் பாதியை, அதாவது 8-ஐ, எல்லோருக்கும் அப்படியே கொடுத்துவிட்டு, மீதி 8-ஐ இந்த விகிதத்தால் பெருக்குங்கள். நால்வருக்கும் 17.6, 16.8, 16, 13.6 என்று வரும். உழைத்தவருக்கு நியாயம் கிடைக்கும், பின்தங்கியவரும் ஒரேயடியாக விழ மாட்டார்.

எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு பத்துப் பத்தாகக் கொடுப்பார்கள். அதை உடைக்க இரண்டு நிமிட வாய்மொழிக் கேள்வி போதும். ஆனால் அவரவர் செய்த பகுதியில் கேட்கக்கூடாது, அடுத்தவர் செய்த பகுதியில் கேட்க வேண்டும். அப்போதுதான் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள்.

எம்.பி.ஏ. வகுப்பில் வெளிநாட்டு நிறுவன ஆய்வுகளை வைத்துக் கலந்துரையாடல் நடத்துகிறேன். 20 பக்கத்தை யாரும் படித்துவிட்டு வருவதில்லை. நான் கேட்டு நானே பதில் சொல்கிறேன்.
– இணைப் பேராசிரியர், கோயம்புத்தூர்

ஒரு நிறுவனத்தின் சிக்கலை வைத்து வகுப்பில் விவாதிக்கும் நிகழ்வாய்வு முறை 1920-களில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் வேரூன்றியது. 1961-இல் தொடங்கிய அகமதாபாத் ஐ.ஐ.எம். ஹார்வர்டின் கூட்டுறவோடு அதை இங்கே கொண்டுவந்தது. அங்கெல்லாம் முந்தின இரவு படித்துவிட்டு வருவது வகுப்பின் அடிப்படை விதி. பேசுவதற்கே பெரிய பங்கு மதிப்பெண் உண்டு. அந்த இரண்டும் இல்லாத இடத்தில் 20 பக்கத் தாளை மட்டும் கொண்டுவந்தால் அது ஓடாது. ஒன்றரைப் பக்கத்தில் நீங்களே ஒன்று எழுதுங்கள். வகுப்பிலேயே படிக்கலாம்.

அதற்குத் தேவை நான்கே: முடிவெடுக்க வேண்டிய ஒரு ஆள், முடிவெடுக்க வேண்டிய நாள், ஒரு சிறு எண் பட்டியல், இரண்டு பக்கமும் நியாயம் இருக்கும் ஒரு கேள்வி. நிறுவன வரலாறு, உரிமையாளரின் புகழ்ச்சி எதுவும் வேண்டாம். கடைசியில் ‘அவர் என்ன செய்தார்’ என்று எழுதிவிடவும் கூடாது.

உங்கள் பக்கத்து ஊர் திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சிறு பின்னலாடைப் பிரிண்டிங் யூனிட். மாதம் 10 லட்சம் ரூபாய்க்கு வேலை, லாபம் 6 சதவீதம், அதாவது 60,000. வேலை கொடுக்கும் ஏற்றுமதி நிறுவனம் 90 நாள் கழித்துத்தான் பணம் தருகிறது. எப்போதும் 30 லட்சம் வெளியே நிற்கும். வங்கி ஓவர்டிராஃப்ட் வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்றால் அதற்கு மாதம் 30,000. லாபத்தில் பாதி போய்விடுகிறது. இப்போது அந்த நிறுவனம் ‘2 சதவீதம் தள்ளுபடி தந்தால் 30 நாளில் தந்துவிடுகிறோம்’ என்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

தள்ளுபடி மாதம் 20,000. வெளியே நிற்கும் பணத்தில் 20 லட்சம் குறையும். மிச்சமாகும் வட்டியும் மாதம் 20,000. எண் சரிக்குச் சரி நிற்கிறது. அதனால் கணக்கு தெரிந்தவர் மட்டும் விடை சொல்லிவிட்டு உட்கார முடியாது. ஓவர்டிராஃப்ட் வரம்பு ஏற்கெனவே நிரம்பிவிட்டதா? 20 லட்சம் கையில் வந்தால் இன்னொரு ஆர்டர் எடுக்க முடியுமா? இன்று 2 கொடுத்தால் அடுத்த ஆண்டு 3 கேட்பார்களா? அந்த ஒரே நிறுவனத்தை நம்பி எவ்வளவு வேலை? இதற்கு நடுவில் யாராவது ஒருவர், 2006-ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் போகக்கூடாதே என்று எழுப்ப வேண்டும். யாரும் எழுப்பாவிட்டால் நீங்கள் எழுப்புங்கள். சட்டம் பக்கத்தில் இருந்தும், அதைச் சொன்னால் அடுத்த ஆர்டர் வராதோ என்ற பயத்தில் உரிமையாளர் வாய் மூடியிருக்கிறார். அந்த இக்கட்டைப் பேசும்போது வகுப்பு சூடுபிடிக்கும்.

அடுத்தடுத்து இரண்டு வகுப்பு நேரம் வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நிமிடம் படித்து, ஆளுக்கு ஒரு முடிவைத் தாளில் எழுத வேண்டும். இதை விட்டுவிடாதீர்கள், எழுதிவைத்தவர்தான் பேசுவார். பிறகு நான்கு நான்கு பேராக 15 நிமிடம். பொது விவாதம் 40 நிமிடம். கடைசிப் பத்து நிமிடத்தில் முடிவு மாறியதா, எந்த வாதத்தால் மாறியது என்று எழுதித் தரட்டும். கேள்வி கேட்டதும் ஏழெட்டு விநாடி சும்மா நில்லுங்கள். அந்த மௌனம் பொறுக்காமல் ஆசிரியரே பதில் சொல்லிவிடுவதால்தான் பாதி வகுப்புகள் விரிவுரையாக முடிகின்றன.

கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வருகிறது. எல்லாப் பாடத்துக்கும் கற்றல் விளைவுகளை எழுதி, 1, 2, 3 என்று அட்டவணை நிரப்பச் சொல்கிறார்கள். இதனால் மாணவருக்குப் பயன் உண்டா?
– துறைத் தலைவர், சுயநிதிக் கல்லூரி, நாமக்கல்

எல்லாக் கட்டத்திலும் ‘மிகுந்த தொடர்பு’ என்று பொருள்படும் 3-ஐப் போட்டு நிரப்பினால் இல்லை. ஒவ்வொரு பாடமும் தகவல் தொடர்பு, தலைமைப் பண்பு, அறவுணர்வு எல்லாவற்றையும் வளர்க்கிறது என்று அட்டவணை சொல்லும். செமஸ்டர் தேர்வில் வந்த மொத்த மதிப்பெண்ணை வைத்து ‘அடைந்துவிட்டோம்’ என்றும் கணக்குக் காட்டும். தேர்வில் 70 வாங்கியதற்கும் குழுவில் வேலை செய்யத் தெரிவதற்கும் என்ன தொடர்பு?

மூன்றே திறனைத் தேர்ந்தெடுங்கள். உதாரணமாக எண்ணை வைத்து முடிவெடுப்பது, ஒரு பக்கம் தெளிவாக எழுதுவது, குழுவில் பங்கைச் செய்து முடிப்பது. ஒவ்வொன்றும் எந்த செமஸ்டரில் எந்தப் பாடத்தில் அறிமுகம், எதில் பயிற்சி, எதில் சோதனை என்று எழுதுங்கள். இரண்டாம் செமஸ்டரில் ஒரு மாணவர் எழுதிய குறிப்பையும் ஐந்தாம் செமஸ்டரில் அவரே எழுதியதையும் ஒரே அளவுகோலில் மதிப்பிட்டுக் கோப்பில் வையுங்கள். வகுப்புக்குப் பத்துப் பேருடையது போதும். நாக் குழுவுக்கு அதைக் காட்டலாம். எந்தப் பாடம் தன் வேலையைச் செய்யவில்லை என்பதும் உங்களுக்குத் தெரிந்துவிடும்.

மகள் பி.பி.ஏ. படிக்கிறாள். 3,500 ரூபாய் கட்டினால் 15 நாள் ஆன்லைன் இன்டர்ன்ஷிப், முடிந்ததும் சான்றிதழ் என்கிறார்கள். கட்டலாமா?
– ஒரு தந்தை, தஞ்சாவூர்

கட்ட வேண்டாம். வேலைக்கு எடுப்பவர் சான்றிதழைப் புரட்டிவிட்டு, ‘அங்கே என்னம்மா செய்தாய்?’ என்றுதான் கேட்பார். வீடியோ பார்த்தேன், வினாடி வினா எழுதினேன் என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அந்த 15 நாளை உங்கள் ஊரில் ஒரு மருந்து மொத்த வியாபாரக் கடையிலோ, தணிக்கை அலுவலகத்திலோ, கூட்டுறவுச் சங்கத்திலோ செலவிடலாம். போகும்போதே செய்ய வேண்டிய ஒரு வேலையை எழுத்தில் முடிவு செய்துகொண்டு போக வேண்டும். ‘ஆறு மாதத்தில் காலாவதியாகும் மருந்துகளின் பட்டியலும் அதைக் குறைக்க யோசனையும்’ என்பதுபோல. அது இல்லாமல் போனால் ஜெராக்ஸ் எடுக்க வைப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை. என்ன கொடுப்பது என்று அவர்களுக்குத் தெரியாது. தினமும் நான்கு வரி நாட்குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: என்ன செய்தேன், எது புரியவில்லை, யாரிடம் கேட்டேன், நாளை என்ன.

இலவசமாகக் கிடைப்பவற்றை முதலில் பயன்படுத்துங்கள். 2022 மார்ச் 1-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டப் படிப்புகள் கல்லூரி வழியாகவே கிடைக்கும். பட்டம் முடித்ததும் 1961-ஆம் ஆண்டு தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் உதவித்தொகையோடு பயிற்சி பெறலாம். 2014 திருத்தத்துக்குப் பிறகு பொறியியல் அல்லாத பட்டதாரிகளுக்கும் அது உண்டு. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம்தான் நம் பகுதிக்கு இதைக் கவனிக்கிறது.

நான் தமிழ்வழியில் படித்தவன். கணக்கு நன்றாக வரும். ஆங்கிலத்தில் எழுந்து பேசச் சொன்னால் எல்லாம் மறந்துவிடுகிறது.
– பி.காம். மாணவர், அரசு கலைக் கல்லூரி, தருமபுரி

இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யப் பார்க்கிறீர்கள்: யோசிப்பது, மொழிபெயர்ப்பது. அவற்றைப் பிரித்துவிடுங்கள். ஒரு கடையின் மூன்று மாத விற்பனைப் பட்டியலை எடுத்து, ஆறு வாக்கியத்தில் தமிழில் சொல்லுங்கள்: எது கூடியது, எது குறைந்தது, எவ்வளவு, ஏன், இனி என்ன செய்யலாம், அதில் என்ன சிக்கல். 90 விநாடிக்குள். கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். மறுநாள் அதே ஆறு வாக்கியத்தை ஆங்கிலத்தில். சொல்ல வேண்டியது ஏற்கெனவே கையில் இருப்பதால் மொழியை மட்டும் தேடினால் போதும். எண்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். தடுமாற்றம் பாதி அங்கேதான். ஏற்றுமதி நிறுவனங்களில் லட்சமும் மில்லியனும் மாறி மாறி வரும்: பத்து லட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன்.

எழுத்துக்கு ஐந்து வகை மின்னஞ்சல் தெரிந்தால் முதல் வருட வேலையை ஓட்டிவிடலாம்: பாக்கி கேட்பது, விலைப்புள்ளி கேட்பது, சரக்கு குறைந்து வந்ததைத் தெரிவிப்பது, பணம் அனுப்பிய விவரம் சொல்வது, சந்திப்பைத் தள்ளிவைப்பது. வகைக்கு மூன்று எழுதி ஆங்கிலத் துறை ஆசிரியர் ஒருவரிடம் திருத்தி வாங்குங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். தருமபுரியிலோ ஓசூரிலோ வேலைக்குச் சேர்ந்தால் லாரி புக்கிங் ஆபீசில், கடைக்காரரிடம், தொழிலாளியிடம் பேசப்போவது தமிழில்தான். கடன் பாக்கியைக் கோபம் வராமல் தமிழில் கேட்டு வாங்கத் தெரிந்தவரை எந்த முதலாளியும் விட மாட்டார். உங்களிடம் அது இருக்கிறது என்றால் நேர்காணலில் சொல்லுங்கள்.

இப்போது எல்லா அசைன்மென்டையும் சாட்ஜிபிடி எழுதிவிடுகிறது. கையால் எழுதி வரச் சொன்னேன். அதைப் பார்த்துக் கையால் எழுதி வருகிறார்கள். என்ன செய்வது?
– உதவிப் பேராசிரியர், திருநெல்வேலி

‘சந்தைப்படுத்தலின் முக்கியத்துவம்’ என்று தலைப்புக் கொடுத்தால் யாருக்கும் அதை எழுதும் தேவை இல்லை, கருவியிடம் கொடுத்துவிடுவார்கள். ஆளுக்கு ஆள் மாறும் தரவைக் கொடுங்கள். முதல் கேள்விக்குச் சொன்ன விற்பனைப் பட்டியலையே எடுத்து, 15-ஆம் நாள் விற்பனையோடு பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கூட்டிக்கொள்ளச் சொன்னால் போதும், பலருக்கு விடை மாறும். ஒருவருக்கு அதிகபட்ச விற்பனை அந்த நாளில் வரும், இன்னொருவருக்கு வராது.

கருவியைத் தடை செய்ய முடியாது. அலுவலகங்களில் அதைப் பயன்படுத்தத்தான் போகிறார்கள். எனவே அது எழுதிய வரைவையும் இணைக்கச் சொல்லி, அதில் மூன்று தவறுகளைக் கண்டுபிடித்துக் காரணத்தோடு திருத்துவதற்கு மதிப்பெண் வையுங்கள். வரி விகிதம் இதற்கு நல்ல இடம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரண்டு விகிதங்களுக்குள் வந்துவிட்டன. பழைய 12, 28-ஐ வைத்து எழுதிய பதில்கள் இன்னும் நிறைய வரும். விகிதத்தை அரசு அறிவிக்கையில் சரிபார்த்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள்.

வாய்மொழியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘சரக்கு வர 7 நாளுக்குப் பதில் 5 நாள் என்றால் உன் குறிப்பில் எந்தெந்த வரி மாறும்?’ தானே செய்தவர் உடனே தாளைத் திருப்பி விரல் வைத்துக் காட்டுவார். ஆளுக்கு மூன்று நிமிடம். 60 பேருக்கு மூன்று மணி நேரம். அதிகம் என்று தோன்றினால் வாரத்துக்குப் பத்துப் பேரைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். யார் பெயர் வரும் என்று தெரியாததால் எல்லோரும் தயாராக வருவார்கள்.